எரிந்த தோலில் தொடங்கிய கேள்வி: பீற்றர் மெடவாரின் வாழ்க்கை

1940ஆம் ஆண்டுக் கோடை. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரின் வடக்கே ஒரு ஞாயிறு பிற்பகல். 25 வயதான விலங்கியலாளர் ஒருவர் மனைவியுடனும் குழந்தையுடனும் வீட்டுத் தோட்டத்தில் இருந்தார். தாழப் பறந்து வந்த குண்டுவீச்சு விமானமொன்று சற்றுத் தொலைவில் விழுந்து தீப்பற்றியது. எதிரியின் விமானம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் அது பிரித்தானியாவின் சொந்த விமானம். வானத்தில் இரைச்சல் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எப்படியென்று எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அந்தக் குடும்பமும் அப்படித்தான் ஓடியது.

விமானத்தில் இருந்த இளைஞர் ஒருவர் உடலின் பெரும்பகுதி எரிந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார். இரத்தம் ஏற்றவும் கிருமித் தொற்றைக் கட்டுப்படுத்தவும் அப்போது வழிகள் வந்திருந்தன. அதனால் முன்பு உடனே இறந்துபோயிருக்கக்கூடியவர்கள் சில வாரங்கள் உயிரோடு இருந்தார்கள். ஆனால் போர்த்துவதற்குத் தோல் இல்லை. அவரது உடலில் எஞ்சியிருந்த நல்ல தோல் போதாது. இன்னொருவரின் தோலை வைத்தால் சில நாட்கள் ஒட்டியிருக்கும், பிறகு கருகி உதிர்ந்துவிடும். ஏன் அப்படி என்பதற்கு எவரிடமும் பதில் இல்லை. வைத்தியர்கள் அந்த விலங்கியலாளரை அழைத்து, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்கள்.

அவர் பீற்றர் மெடவார். உறுப்பு மாற்றுச் சிகிச்சையை நம்பக்கூடிய ஒன்றாக மாற்றிய ஆய்வுகளின் பின்னால் இருந்தவர். எமது வன்னியிலும் எரிகாயத்துக்குத் துணி மட்டும் சுற்றிக் கிடந்தவர்களைக் கண்ட ஒரு தலைமுறை இருக்கிறது. அந்தத் தலைமுறையில் ஒருத்தியாக நான் இவரது கதையை எழுத விரும்பியதற்கு அது ஒரு காரணம். மற்றைய காரணம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளியாள் என்ற பெயர்

மெடவார் 1915ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி பிரேசிலில் பிறந்தார். தந்தை லெபனானைச் சேர்ந்தவர். பிரித்தானியப் பல்வைத்தியப் பொருட்கள் நிறுவனமொன்றின் முகவராக அங்கு வணிகம் செய்தார். தாய் ஆங்கிலேயர். சிறு வயதிலேயே மெடவார் இங்கிலாந்துக்கு வந்து, மார்ல்பரோ என்ற புகழ்பெற்ற விடுதிப் பாடசாலையில் சேர்க்கப்பட்டார். அரபுப் பெயரும் முகச்சாயலும் கொண்ட சிறுவனுக்கு அந்தக் காலத்து ஆங்கிலேயப் பாடசாலை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அங்கு பட்ட ஏளனங்களை அவர் முதுமை வரை மறக்கவில்லை.

பிறகு ஒக்ஸ்போர்டின் மொட்லின் கல்லூரி. 1935இல் விலங்கியலில் முதல் வகுப்புச் சித்தி. தொடர்ந்து ஹவார்ட் ஃப்ளோரியின் ஆய்வுகூடத்தில் வேலை. பெனிசிலினை மருந்தாக்கிய அதே ஆய்வுகூடம் அது. கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வு ஏற்றுக்கொள்ளப்பட்டும் அவர் அந்தப் பட்டத்தைப் பெறவில்லை. அதற்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது, கையில் இருந்த பணமோ குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குத் தேவைப்பட்டது. நோபல் பரிசு பெற்றவரின் வாழ்க்கையில் இப்படியொரு வரி இருப்பது, வறுமையால் படிப்பை இடைநடுவில் விட்ட பலருக்கு ஆறுதலாக இருக்கலாம்.

1937இல் ஜீன் ரெய்லரைத் திருமணம் செய்தார். அவளது வீட்டாருக்கு மாப்பிள்ளை பிடிக்கவில்லை. பணமில்லை, குடும்பப் பின்னணி இல்லை, பிறக்கப்போகும் பிள்ளைகளின் நிறம் வேறு அவர்களுக்குக் கவலையாக இருந்தது. ஓர் அத்தை தனது சொத்தில் பங்கில்லை என்று எழுதியே விட்டார். ஜீன் அதைப் பொருட்படுத்தவில்லை. 50 ஆண்டுகள் நீடித்த அந்தத் திருமணத்தில் நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள்.

தன்னுடையது எது, அந்நியமானது எது என்று உடல் எப்படிப் பிரித்தறிகிறது என்ற கேள்விக்கு வாழ்நாளைக் கொடுத்த மனிதர், தானே ஒரு சமூகத்தில் அந்நியராகப் பார்க்கப்பட்டவர். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அவர் சொன்னதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. ஆனாலும் அவரது வாழ்க்கையைப் படிக்கும்போது இது என் மனதை விட்டு அகலவில்லை.

இரண்டாவது தடவை விரைவாக

எரிகாய நோயாளருக்கு உதவ மெடவார் முதலில் எடுத்த முயற்சிகள் தோற்றன. தோலை மிக மெல்லியதாகச் சீவி அதிகப் பரப்பை மூடப் பார்த்தார். தோற்கலங்களைப் பிரித்துக் காயத்தின் மேல் தூவிப் பார்த்தார். பயன் கிடைக்கவில்லை. பின்னர் பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபை அவரைக் கிளாஸ்கோ நகரின் எரிகாயப் பிரிவுக்கு அனுப்பியது. அங்கு தோமஸ் கிப்சன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியருடன் சேர்ந்து வேலை செய்தார்.

அவர்களின் முக்கியமான நோயாளி 22 வயதுப் பெண். வலிப்பு வந்தபோது எரிவாயு அடுப்பின் மீது விழுந்து எரிந்தவர். அவரது சொந்தத் தோலின் சிறு துண்டுகளையும் அவரது சகோதரரின் தோலின் சிறு துண்டுகளையும் காயத்தில் வைத்தார்கள். சொந்தத் தோல் பிடித்துக்கொண்டது. சகோதரரின் தோல் சில நாட்கள் வாழ்ந்து பின் அழிந்தது. இது வரை எல்லோரும் அறிந்ததுதான். அதன் பிறகு சகோதரரின் தோலையே இரண்டாவது தடவையும் வைத்தார்கள். இம்முறை அது முதல் தடவையை விட மிக விரைவாக அழிந்தது.

இந்த விரைவில்தான் விடை இருந்தது. ஒருமுறை சின்னமுத்து வந்தவருக்கு மீண்டும் வராதிருப்பதற்கு என்ன காரணமோ, அதே காரணம் இங்கும் தொழிற்பட்டது. உடல் முதல் சந்திப்பை நினைவில் வைத்திருந்தது. அப்படியானால் அந்நியத் தோல் அழிவது நோயெதிர்ப்பின் வேலை, அதாவது நிர்ப்பீடனத்தின் வேலை. 1943இல் கிப்சனும் மெடவாரும் இதை வெளியிட்டார்கள். பிறகு ஒக்ஸ்போர்டுக்குத் திரும்பிய மெடவார், முயல்களில் நூற்றுக்கணக்கான தோல் ஒட்டுகளைத் தன் கையாலேயே செய்து அதை உறுதிப்படுத்தினார்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் காரணமே நம்பிக்கையைக் குலைத்தது. கிருமிகளிடமிருந்து எம்மைக் காப்பாற்றும் அதே காவல்தான் பிறர் தரும் உறுப்பையும் கொல்கிறது என்றால், அந்தக் காவலை எப்படி விலக்குவது?

பசுக்கன்றுகள் சொன்ன பாடம்

1947இல் மெடவார் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கு அவரது மாணவராகவும் பின்னர் கூட்டாளியாகவும் இருந்தவர் ருபேர்ட் பில்லிங்ஹாம். 1948இல் ஸ்ரொக்ஹோமில் நடந்த மாநாடொன்றில் கால்நடை ஆய்வாளர் ஒருவர் மெடவாரிடம் ஒரு கேள்வி கேட்டார். இரட்டைக் கன்றுகளில் ஒரே கருவில் பிரிந்தவை எவை, வெவ்வேறு கருவில் வந்தவை எவை என்று பிரித்தறிவது எப்படி? தோல் ஒட்டினால் தெரிந்துவிடும் என்றார் மெடவார். ஒரே கருவில் பிரிந்தவை ஒன்றின் தோலை மற்றது ஏற்கும், மற்றவை தள்ளும் என்பது அவர் கணிப்பு.

கணிப்புப் பொய்த்தது. ஏறத்தாழ எல்லா இரட்டைக் கன்றுகளும் ஒன்றின் தோலை மற்றது ஏற்றுக்கொண்டன. ஒன்று ஆணும் மற்றது பெண்ணுமாக, ஒரே கருவில் பிரிந்தவை அல்ல என்று வெளிப்படையாகத் தெரிந்த சோடிகளும் ஏற்றுக்கொண்டன.

விளக்கம் அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்தது. 1945இல் விஸ்கொன்சினில் ரே ஓவன் என்பவர், இரட்டைக் கன்றுகள் தாயின் வயிற்றிலேயே சூல்வித்தகத்தின் வழியாக இரத்தத்தைப் பகிர்கின்றன என்றும், பிறந்த பின்பும் ஒவ்வொன்றும் மற்றதன் இரத்தக் கலங்களைத் தன்னுள் சுமக்கிறது என்றும் காட்டியிருந்தார். அவுஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பேர்னெற் 1949இல் இதிலிருந்து ஒரு கருதுகோளை முன்வைத்தார். தன்னுடையது எது என்பதை உடல் பிறப்பிலேயே அறிந்திருப்பதில்லை, கருவில் வளரும் காலத்தில் கற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் சந்தித்ததைப் பிறகு எதிர்க்காது.

மெடவாரும் பில்லிங்ஹாமும் 1951இல் லண்டன் யுனிவர்சிற்றிக் கொலேஜுக்கு மாறினார்கள். அங்கு மூன்றாமவராகச் சேர்ந்து உழைத்தவர் லெஸ்லி பிரென்ற். அவரது கதையை எமது வாசகர்கள் அறியவேண்டும். ஜேர்மனியில் பிறந்த யூதப் பிள்ளை அவர். 1938ஆம் ஆண்டு டிசம்பரில் பெற்றோரைப் பிரிந்து, அகதிச் சிறுவர்களுடன் தனியாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தாய், தந்தை, சகோதரி மூவரும் நாசிகளால் கொல்லப்பட்டார்கள். பிரித்தானியப் படையில் சேர்ந்து, புதிய பெயரெடுத்து, பின் பல்கலைக்கழகம் வந்தவர். லெபனான் வணிகரின் மகனும் குடும்பத்தை இழந்த அகதிப் பிள்ளையும் ஒரே ஆய்வுகூடத்தில், அந்நியத்தை உடல் ஏற்குமா என்று எலிகளில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மண்ணிற எலியின் மேல் வெள்ளைத் தோல்

பரிசோதனை எளிமையானது. மண்ணிற எலி இனமொன்றின் கர்ப்பிணியை எடுத்தார்கள். வயிற்றிலுள்ள குட்டிகளுக்கு வெள்ளை எலி இனமொன்றின் உயிர்க்கலங்களை ஊசியால் செலுத்தினார்கள். குட்டிகள் பிறந்து வளர்ந்த பின், அதே வெள்ளை இனத்தின் தோலை அவற்றில் ஒட்டினார்கள். வழமையாகப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் அழிய வேண்டிய தோல் சிலவற்றில் அழியவில்லை. மண்ணிற முதுகில் வெள்ளை மயிர் முளைத்தது. வேறொரு மூன்றாவது இனத்தின் தோலை ஒட்டியபோது அதே எலிகள் அதைத் தள்ளிவிட்டன. அதாவது காவல் தூங்கவில்லை. ஒரேயொருவரை மட்டும் வீட்டாள் என்று அடையாளம் கண்டிருந்தது.

இன்னொரு சோதனையும் செய்தார்கள். வெள்ளைத் தோலைச் சுமந்த எலிக்கு, அந்தத் தோலுக்கு எதிராக ஏற்கெனவே நிர்ப்பீடனம் பெற்ற மண்ணிற எலியின் நிணநீர்க் கலங்களைக் கொடுத்தார்கள். நெடுநாள் நலமாக இருந்த தோல் உடனே அழிந்தது. மாறியிருந்தது ஒட்டிய தோல் அல்ல, ஏற்றவரின் உடல் என்பது இதனால் உறுதியானது. 1953 ஒக்ரோபர் 3ஆம் திகதி நேச்சர் சஞ்சிகையில் இது வெளியானது.

எமது நாட்டில் சகிப்பு என்பது மேடைகளில் பேசிப் பேசித் தேய்ந்த சொல். பெரும்பாலும் அடிபட்டவரிடமே அது கேட்கப்படுகிறது. ஆய்வுகூடத்தில் அந்தச் சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு. மற்ற எல்லா ஆபத்துகளையும் எதிர்க்கும் வலுவை இழக்காமல், குறித்த ஒன்றை மட்டும் தாக்காதிருத்தல். வலுவிழந்ததால் வரும் அமைதிக்கு அங்கே வேறு பெயர்.

அந்த வேறு பெயர்தான் நோயெதிர்ப்பு ஒடுக்கம். அன்று முதல் இன்று வரை உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெரும்பாலும் அதில்தான் நிற்கிறது. 1954 டிசம்பரில் பொஸ்டனில் ஜோசப் மறே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களுக்கு இடையில் நடந்தது. எனவே எதிர்ப்பு எழவில்லை. மற்றவர்களுக்கு மருந்து வேண்டியிருந்தது. மெடவாரின் விரிவுரையைக் கேட்ட ரோய் கான், 1960களில் அசத்தியோபிரினையும் 1978இல் சைக்ளோஸ்போரினையும் சிறுநீரக நோயாளருக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். மெடவாரின் முறையை மனிதரில் அப்படியே செய்ய முடியாது. எவருக்கு எந்த வயதில் யாருடைய சிறுநீரகம் தேவைப்படும் என்று கருவில் இருக்கும்போதே அறிய வழியில்லை. மெடவாருக்கும் அது தெரியும். தடை இயற்கையிலேயே தாண்ட முடியாதது அல்ல என்று காட்டியதே தமது பங்கு என்று அவர் கருதினார்.

1960ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு பேர்னெற்றுக்கும் மெடவாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மெடவார் தன் பங்குப் பணத்தில் பில்லிங்ஹாமுக்கும் பிரென்றுக்கும் கொடுத்தார். ரே ஓவனுக்குக் கடிதமெழுதி, பரிசில் அவருக்கும் இடம் இருந்திருக்க வேண்டும் என்று தெரிவித்தார்.

குளிசை எண்ணும் வீடு

எனது பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் அவரது தங்கை. கிளினிக் நாட்களில் நான் சில தடவைகள் அவருடன் போயிருக்கிறேன். இரவு பஸ்ஸில் புறப்பட்டு விடியலில் இறங்குவோம். காலைக் குளிசையை அவர் சட்டைப் பையில் வைத்திருப்பார். இரத்தம் எடுத்த பிறகே விழுங்க வேண்டும். அடுத்த குளிசைக்கு முன் இரத்தத்தில் மருந்து எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும், தொற்றுகள் வரும், நெடுங்காலத்தில் புற்றுநோய் ஆபத்தும் கூடும். குறைந்தால் உடல் தங்கையின் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கும்.

2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, எஞ்சிய குளிசைகளை மேசையில் பரப்பி எண்ணிய நாட்கள் எங்கள் வீட்டில் உண்டு. அப்போது அவர் கேட்டார்: இத்தனை வருடமாக உள்ளே இருக்கிறதே, இன்னுமா என் உடம்பு அதைப் பழகவில்லை? எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை மெடவாரிடம் கொண்டுசென்றது.

பழகிய உடல்கள் உண்டு என்பதே உண்மை. உலகில் சிலர் மருந்தை நிறுத்திய பிறகும் உறுப்பை இழக்காமல் வாழ்கிறார்கள். ஈரல் மாற்றியவர்களில் இது அதிகம். ஐரோப்பாவில் 2013இல் வெளியான ஆய்வொன்றில், ஈரல் மாற்றிப் பல ஆண்டுகள் நிலையாக இருந்தவர்களைத் தேர்ந்து, வைத்தியக் கண்காணிப்பில் படிப்படியாக மருந்தை நிறுத்தினார்கள். 98 பேரில் 41 பேர் மருந்தின்றி நின்றார்கள். மற்ற 57 பேருக்கும் உடல் எதிர்ப்புக் காட்டியது. சிறுநீரகத்தில் இப்படிப் பழகியவர்கள் மிக அரிது.

சிக்கல் என்னவென்றால், அந்த 41 பேரில் நாம் ஒருவரா, 57 பேரில் ஒருவரா என்று முன்கூட்டிச் சொல்லும் உறுதியான பரிசோதனை கிளினிக்கில் இல்லை. இரத்தத்தில் கிரியாற்றினின் பார்ப்பதும், சிறுநீரில் புரதம் பார்ப்பதும், ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதும் சேதம் நடந்திருக்கிறதா என்பதையே காட்டுகின்றன. கொடையாளிக்கு எதிரான பிறபொருளெதிரிகளைத் தேடும் சோதனையும், சேதமடையும் உறுப்பிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கொடையாளியின் டிஎன்ஏ துணுக்குகளை அளக்கும் சோதனையும் எச்சரிக்கையைக் கொஞ்சம் முன்னதாகத் தரலாம். ஆனால் எதிர்ப்பு இல்லை என்பதும் சகிப்பு வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. மருந்து காவலை அடக்கியிருப்பதால் வந்த அமைதியா, காவலே ஏற்றுக்கொண்டதால் வந்த அமைதியா என்பதை வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம்.

2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இரு குழுக்கள், மருந்தின்றி வாழும் சிறுநீரக நோயாளரின் இரத்தத்தில் பி கலங்கள் சார்ந்த ஓர் அடையாளத்தைக் கண்டன. பெரும் நம்பிக்கை பிறந்தது. அந்த அடையாளத்தின் ஒரு பகுதி அவர்கள் மருந்து எடுக்காததாலேயே வந்தது என்று பின்னர் தெரியவந்தது. தேடல் தொடர்கிறது. எதிர்ப்பை அடக்கும் ஒழுங்குபடுத்தும் ரி கலங்களைக் கண்டறிந்தவர்களுக்கு 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மெடவாரின் கன்றுகள் போலவே இரண்டு உடல்களின் இரத்தத்தைக் கலந்து பார்க்கும் முயற்சியும் நடந்தது. பொஸ்டன் வைத்தியர்கள், சிறுநீரகத்துடன் கொடையாளியின் எலும்பு மச்சையையும் கொடுத்த ஐவரில் நால்வர் மருந்தை நிறுத்த முடிந்ததாக 2008இல் அறிவித்தார்கள். இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்குப் பின்னாளில் மருந்து மீண்டும் தேவைப்பட்டது.

இவற்றையெல்லாம் பெரியப்பாவுக்கு ஓர் இரவு விளக்கினேன். தானாகக் குளிசையை நிறுத்துபவருக்கு உடல் எதிர்ப்பது பல வேளைகளில் நோவில்லாமல், சத்தமில்லாமல் நடக்கும், தெரியவரும்போது சிறுநீரகம் போயிருக்கும் என்பதையும் சொன்னேன். நலமாக இருப்பதாக உணர்வது மட்டும் எதிர்ப்பு இல்லை என்பதற்கான சான்று அல்ல. இதை வாசிக்கும் எவர் வீட்டிலாவது அந்தக் குளிசைகள் இருந்தால், வைத்தியரைக் கேட்காமல் ஒரு வேளையும் தவறவிட வேண்டாம்.

பாதி உடலோடு

1962இல் மெடவார் லண்டன் மில்ஹில்லில் உள்ள தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளரானார். 1965இல் சேர் பட்டம் கிடைத்தது. விஞ்ஞானத்தைச் சாதாரண வாசகருக்கு எழுதுவதிலும் பேர்பெற்றார். உயரமான, சிரிப்பும் கூர்மையான நாக்கும் கொண்ட மனிதர். நிறுவனத்தை நடத்திக்கொண்டே தன் கையால் பரிசோதனையும் செய்தவர்.

1969 செப்ரெம்பர். பிரித்தானிய விஞ்ஞான சங்கத்தின் தலைவராக எக்ஸ்ரர் தேவாலயத்தில் வேதப்பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது பாரிசவாதம் தாக்கியது. அப்போது வயது 54. இடப்பக்கம் செயலிழந்தது, பார்வையிலும் ஒரு பகுதி போனது. நடப்பதும் பேசுவதும் புதிதாகப் பழக வேண்டியதாயிற்று. பணிப்பாளர் பதவியை 1971இல் விட்டார். ஆய்வை விடவில்லை. ஹரோவிலுள்ள ஆய்வு நிலையமொன்றில் சிறிய குழுவுடன் தொடர்ந்தார். இளம் விஞ்ஞானிகளுக்கு அறிவுரை கூறும் நூல் 1979இல் வந்தது, சுயசரிதை 1986இல் வந்தது. இரண்டும் பாதி உடல் செயலிழந்த பின் எழுதியவை. இந்த ஆண்டுகளில் அவருடைய மற்றக் கையாக இருந்தவர் ஜீன். காயப்பட்ட ஒருவருடன் வாழும் பெண்களை எங்கள் ஊர்களில் அறிந்தவர்களுக்கு, அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் எவ்வளவு உழைப்பு இருந்திருக்கும் என்பது புரியும்.

அதன் பின்னும் பாரிசவாதம் மீண்டும் மீண்டும் வந்தது. 1987 ஒக்ரோபர் 2ஆம் திகதி, 72ஆவது வயதில், மெடவார் லண்டனில் காலமானார். மண்ணிற எலியின் மேல் வெள்ளைத் தோல் நிலைத்த செய்தி வெளியாகி 34 ஆண்டுகள் நிறைய ஒரு நாள் இருந்தது.

எரிந்த விமானியின் காயத்தருகே அவரிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் பாதி விடை கண்டார். உடலுக்குக் கற்பிக்க முடியும் என்பது அந்தப் பாதி. வளர்ந்த மனித உடலுக்கு எப்படிக் கற்பிப்பது, அது கற்றுக்கொண்டதை எப்படி உறுதியாக அறிவது என்பது மற்றப் பாதி. அந்த விடை வரும்வரை, உறுப்பைப் பெற்றவர்கள் காலையும் மாலையும் மணி பார்த்துக் குளிசை எடுக்கத்தான் வேண்டும்.